பன்னிரண்டாவது ஆளின் சீலைப்பேன்கள்

டிசம்பர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, மேஸ்திரி ஆட்களை எழுப்பும் நேரத்தில், ஒனேசிம் லாஃப்ரெனியேரின் உடம்பில் இருந்த சீலைப்பேன்கள் அத்தனையும் அவனுடைய சட்டைக் கழுத்து வழியாக வரிசையாக இறங்கி, அவனை விட்டுப் போய்விட்டன. ஓட்டமோ பதற்றமோ இல்லை. அவனுக்கும் சுவருக்கும் நடுவே படுத்திருந்த பதினொரு பேர் மேல் ஏறி இறங்கி, அவர்களில் ஒருவரையும் கடிக்காமல், கட்டைச் சுவரில் பாசி அடைத்திருந்த இடுக்கு ஒன்றின் வழியாக வெளியே பனிக்குள் சென்றன. விளக்கைப் பிடித்திருந்த மேஸ்திரி வில்ப்ரோ பார்த்தார், முகாமுக்குச் சமைக்கிற பண்டாரி ஓர்மிஸ்தாஸ் பார்த்தார், இன்னும் நான்கு பேர் பார்த்தார்கள். வரிசையின் நீளத்தைப் பற்றித்தான் பிற்காலத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. கோடாலிக் காம்பு அளவு என்றார் ஒருவர், குதிரைக் கடிவாளம் அளவு என்றார் இன்னொருவர். போயின என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வெளியே அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி குளிர்.

சேன்-மோரிஸ் ஆற்றின் மேல்புறக் காட்டில், 1907 முடிந்து 1908 பிறந்த அந்தக் குளிர்காலத்தில், ஏழாம் முகாமில் இருபத்துநான்கு பேர் மரம் வெட்டினார்கள். அவர்களில் சீலைப்பேன் இல்லாதவர் ஒருவரும் இல்லை, அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பெரிய இரும்புப் பானையை ஏற்றி, உள்சட்டைகளையும் காலுறைகளையும் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். திங்களும் செவ்வாயும் நிம்மதியாகக் கழியும், புதன்கிழமை மறுபடி சொறியத் தொடங்குவார்கள். நாம் பேனைக் கொல்வது ஒன்று, பேன் நம்மை விட்டுப் போவது வேறு. முந்தின இரண்டு குளிர்காலங்களில் மூன்று பேரை அவை அப்படி விட்டுப் போயிருந்தன. தமாஸ் என்பவனுக்குத் திங்கட்கிழமை இறங்கியது, வியாழக்கிழமை இன்னொரு மரத்தில் சிக்கி நின்ற ஸ்ப்ரூஸ் மரம் சரிந்து அவன் மேல் விழுந்தது. இரண்டாமவன் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனான். மூன்றாமவன் ஒன்றும் செய்யவில்லை, காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். சூடு ஆறுவதற்கு முன்பே பேன்கள் மூட்டை கட்டிவிடும் என்பது இந்தக் காட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

ஆகவே அன்று காலை எல்லாரும் தன்னைப் பார்த்த பார்வை ஒனேசிமுக்கு விளங்கியது. அவனுக்கு வயது இருபத்தேழு. சேன்-தீத் என்ற ஊரில் மனைவி தெலிமா தலைச்சன் பிள்ளைக்குக் காத்திருந்தாள், பிப்ரவரி கடைசியில் பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். ஏப்ரலில் வீட்டுக்கு நடந்து போய் அந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு வேறு ஆசை இல்லை.

"பேழையே!" என்றார் பண்டாரி ஓர்மிஸ்தாஸ். கோயில் பீடத்தில் இருக்கிற சாமான் ஒவ்வொன்றும் இங்கே ஒரு கெட்ட வார்த்தை, அவருக்கு எல்லாம் மனப்பாடம். "டேய் ஒனேசிம், ஒனக்கு எறங்கிருச்சுடா!"

"எனக்கும் கண்ணு இருக்குண்ணே," என்றான் ஒனேசிம், பூட்ஸ் மாட்டிக்கொண்டே.

அன்றைக்கும் அடுத்த ஐந்து நாளும் அவனோடு இழுவை ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. மேஸ்திரி அவனைத் தனியாகக் கிளை கழிக்க விட்டார். பந்தியில் பேசக் கூடாது என்பது முகாமின் சட்டம், பேசினால் பண்டாரி கரண்டியால் மேசையைத் தட்டுவார். அதனால் இருபத்துமூன்று பேரும் மென்றுகொண்டே அவனைக் கண்ணால் விசாரித்தார்கள். இரவு முழங்காலில் நின்று செபமாலை சொல்லி முடித்ததும் மேஸ்திரி வழக்கமாக முடிவுச் செபம் சொல்வார். அந்த வாரம் அவர் கொஞ்சம் தயங்கி, மரித்தவர்களுக்கான செபத்தையும் ஒன்று சேர்த்துக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. யாருக்காக என்று எல்லாருக்கும் தெரியும். முழங்காலில் நின்ற ஒனேசிமும், மரியாதைக்குக் குறை வைக்கக் கூடாது என்று, "அவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் சுவாமி" என்று மற்றவர்களோடு சேர்ந்து பதில் சொன்னான்.

சனிக்கிழமை வந்தது, அவன் சாகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் சாகவில்லை. அவன் செத்திருந்தால் முகாம் அவனுக்காக அழுதிருக்கும், நல்ல ஆள் என்று சொல்லியிருக்கும், அவன் கோடாலியை வீட்டுக்குப் பத்திரமாக அனுப்பியிருக்கும். சாகாமல் இருந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. திருட்டுத்தனமாக எங்கோ குளிக்கிறான் என்றார்கள். மண்ணெண்ணெய் பூசுகிறான் என்றார்கள். கம்பெனி அனுப்பிய உளவாளி, அவர்கள் உடம்பெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும் என்றார்கள். திங்கட்கிழமையே செத்துவிட்டான், அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்ற கட்சியும் இருந்தது, அதற்குத்தான் ஆதரவு அதிகம். அவன் தூங்கும்போது மூக்குக்குக் கீழே சவரக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார்கள். கண்ணாடி மங்கியது. அந்தக் குளிரில் எதைப் பிடித்தாலும் மங்கும் என்று சொல்லி அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட்டார்கள்.

"செத்தவன் எங்கியாச்சும் மூணு தட்டு பீன்ஸ் திம்பானா?" என்று பண்டாரி ஒருமுறை அவனுக்காகப் பரிந்து பேசினார்.

"ஓசில போட்டா செத்தவனும் திம்பான்," என்றான் அத்தனாஸ்.

இந்த அத்தனாஸ் ப்ரொனோவோவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முகாமில் இருபத்துநான்கு பேருக்கும் சேர்த்து ஒரே நீளப் போர்வைதான். பைன் தழை பரப்பிய மேடையில் வரிசையாகப் படுத்து, அந்த ஒரே போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். ஒருவன் தனியாகப் புரண்டால் வரிசை முழுவதும் குளிர் புகுந்துவிடும், அதனால் இரவில் மூன்று தடவை கடைசி ஆள் "புரளு!" என்று கூவுவான், இருபத்துநான்கு பேரும் தூக்கத்திலேயே ஒரே பக்கம் திரும்புவார்கள். கூவுகிற கடைசி ஆள் அத்தனாஸ். அவன் இடம் கதவோரம். காலையில் அவன் மீசையில் பனி உறைந்திருக்கும், ஒருநாள் காது கதவில் ஒட்டிக்கொண்டது. ஒனேசிமின் இடம் பன்னிரண்டாவது, நட்டநடுவில், நடு உத்திரத்துக்கு நேர் கீழே, அடுப்பு முகம் பார்க்கிற இடம். முகாமில் முதல் ஆளாக வந்து சேர்ந்ததால் கிடைத்தது. அத்தனாஸ் நான்கு வருடமாக அந்த மாதிரி இடத்தை ஆசையோடு பார்த்து வந்தவன்.

"தம்பி, நான் ஒன்ன ஒண்ணும் குத்தம் சொல்லல," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒனேசிமிடம் பேச்சைத் தொடங்கினான். "ஒம்மேல வரவேண்டியது தப்பிப் பக்கத்துல படுத்தவன் மேல வந்துட்டா? எல்லாம் புள்ளகுட்டிக்காரனுங்க."

"நீ எம்பக்கத்துலயா படுக்குற? நீ கதவோரத்துல கெடக்க."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ ஓரத்துக்குப் போயிடு. நான் நடுவுல வந்து கெடந்து மத்தவனுங்களக் காப்பாத்துறேன். எனக்கென்ன, வயசாயிருச்சு."

அவனுக்கு வயது நாற்பத்தொன்று. ஓட்டு எடுத்தார்கள். ஒனேசிம் கதவோரத்துக்குப் போனான், "புரளு!" என்று கூவுகிற வேலையும் அவனிடம் வந்தது. அன்றிரவு அவன் மூன்று தடவையும் சரியான நேரத்தில் கூவினான், ஆனால் பாதிப் பேர் திரும்பவில்லை. செத்தவன் சொல்லி நாங்கள் புரள்வதா என்று கேட்டார்கள்.

ஜனவரியில் முகாம் பேன்களின் மேல் வைத்த பாசம் சொல்லில் அடங்காது. பேன் இருந்தால் ஆயுசு இருக்கிறது என்றாகிவிட்டது. கண் விழித்ததும் முதல் வேலையாக ஒவ்வொருவனும் கக்கத்தில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டான், கடி வாங்கியவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கொதிபானை நின்றுபோனது. யாரும் தடை போடவில்லை, துணியைக் கொண்டுவந்து போட ஆள் இல்லை. வாசலில் பானை குப்புறக் கிடந்து அதன் மேல் பனி ஏறியது. பிறகு திருட்டு தொடங்கியது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வந்து பார்த்தால் மடிப்பில் இருந்ததில் பாதி காணோம். ஒருவன் இன்னொருவன் தோளில் கை போட்டால், நட்பில் போடுகிறானா சட்டையிலிருந்து எடுக்கிறானா என்று பார்க்க வேண்டியிருந்தது. இந்த அசிங்கத்தைப் பார்த்து ஒனேசிமுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, பொறாமைதான் வந்தது. இரவெல்லாம் இருபத்துமூன்று பேர் சொறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அரிப்பே இல்லாத சுத்தமான உடம்போடு, கதவுக்கும் போர்வை ஓரத்துக்கும் நடுவில் அவன் படுத்திருந்தான். தன்னைத் தானே கிள்ளிப் பார்த்தான். வலித்தது. செத்தவனுக்கும் வலிக்குமோ என்னவோ, செத்துப் பார்த்தவன் யார் வந்து சொன்னான் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

குதிரைக்காரர் பிலியாஸ் மாத்தோ ஒருவர்தான் அவனிடம் வழக்கம்போலப் பேசினார். அவர் நாள் முழுக்கக் குதிரைகளோடு இருக்கிறவர், மனிதர்களைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அவர் புகையிலை டப்பாவில் தன்னுடைய பேன்களில் நான்கைப் பிடித்துக் கொண்டுவந்து ஒனேசிமின் கழுத்தில் விட்டார். நான்கும் ஒரு மணி நேரம் அவன் கழுத்தில் சும்மா உட்கார்ந்திருந்தன. பிறகு இறங்கி, தரையைக் கடந்து, பிலியாஸின் பூட்ஸில் ஏறிக்கொண்டன.

"பழகுன எடத்த விட்டு வரமாட்டேங்குதுங்க," என்று பிலியாஸ் வருத்தப்பட்டார். "நீ மனச விடாத."

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, காட்டு முகாம்களைச் சுற்றி வருகிற சாமியார் பனிச்சறுக்கு வண்டியில் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். இருபத்துமூன்று பேரும் தங்கள் பாவத்தை விட்டுவிட்டு ஒனேசிமின் சங்கதியைச் சொன்னார்கள். மேஸ்திரி, எதற்கும் இருக்கட்டும் என்று, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதலை அவனுக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார். நன்றாக இருக்கிறவனுக்கு அவஸ்தை பூச முடியாது என்றார் சாமியார். நன்றாக இருக்கிறானா என்பதுதானே சாமி கேள்வி என்றார் மேஸ்திரி. சாமியார் ஒனேசிமின் நாடியைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நற்கருணை கொடுத்தார். திருச்சபை பேன்களைக் குறித்து இதுவரை எதுவும் அறிவிக்கவில்லை என்றார். புறப்படும்போது அவர் அங்கிக்குள் கையை விட்டுச் சொறிவதைப் பார்த்து எல்லாருக்கும் நிம்மதி, சாமியார் பிழைத்துக்கொள்வார். ஒனேசிமுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் எழுந்து, தன்னுடைய பேன்களில் பாதியைக் காணோம் என்று கூச்சல் போட்டான். எடுத்தவன் யார் என்று முகாமில் பலருக்கும் தெரியும், எடுத்தவனுக்கே தெரியும், ஆனால் வாய் திறக்க யாருக்கும் மனமில்லை. பழி ஒனேசிம் மேல் விழுந்தது. அன்று மாலையே தீர்ப்பாகிவிட்டது, ஒனேசிம் போர்வையை விட்டு வெளியேற வேண்டும். இருபத்துநான்கு பேர் சூட்டில் கதவோரமாவது கிடைத்தவன் பிழைப்பான். தனியாகப் படுத்தவன் அந்தக் குளிரில் விடியும்வரை தாங்குவது சந்தேகம். இது ஓட்டுப் போட்ட எல்லாருக்கும் தெரியும். ஏற்கெனவே செத்தவன் எப்படி விறைத்துச் சாவான் என்று அத்தனாஸ் கேட்டபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மேஸ்திரி வில்ப்ரோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, நீங்களுமா?" என்றான் ஒனேசிம்.

"நான் என்னப்பா பண்ணட்டும்? ஆளுங்க வேலைக்குப் போவமாட்டேங்குறானுங்க."

"எம்பொஞ்சாதிக்கு இந்த மாசம் புள்ள பொறக்குது. அவகிட்ட யாரு போய்ச் சொல்லுவா? பேன் இல்லாத குத்தத்துக்குக் குளிர்ல விட்டோம்னு நீங்க போய்ச் சொல்லுவீங்களா?"

பிலியாஸ் எழுந்து அவன் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு, வா என்று குதிரைக் கொட்டிலுக்கு அழைத்துப் போனார். கொட்டிலில் எட்டுக் குதிரைகள், ஆனால் சுவரெல்லாம் சந்து. பெல் என்ற கிழட்டுப் பெண்குதிரைக்குப் பக்கத்தில் வைக்கோல் போட்டு, ஆணியில் மாட்டியிருந்த பழைய குதிரைக் கம்பளியை உதறாமல் அப்படியே எடுத்து அவன் மேல் போர்த்தினார். அந்தக் கம்பளியை நவம்பருக்குப் பிறகு யாரும் தொட்டிருக்கவில்லை. ஒனேசிம் சுருண்டு படுத்து, தெலிமாவை நினைத்து வாய்விட்டு அழுதான். அழுகை முடிவதற்குள் இடது கக்கத்தில் சுருக்கென்றது. பிறகு இடுப்புப் பட்டியில். பிறகு பின்கழுத்தில், மயிர் தொடங்குகிற இடத்தில். முன்பு கடித்த அதே மூன்று இடம், அதே வரிசை. டிசம்பர் ஒன்பதாம் தேதி போனவை எங்கும் போய்விடவில்லை, முப்பது அடி பனியைக் கடந்து வந்து அந்தக் கம்பளிக்குள் குடியேறி இரண்டு மாதமாக அவனுக்காகக் காத்திருந்தன. மனிதப் பேன் மனித ரத்தம் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னதாகக் கேள்வி. அவர் ஏழாம் முகாமுக்கு வந்தவர் இல்லை. ஒனேசிம் விடியும்வரை தூங்கவில்லை, சொறிந்துகொண்டே இருந்தான், சந்தோஷம் தாங்காமல் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான். உயிரோடுதான் இருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு நிச்சயமாயிற்று.

காலையில் சட்டையைத் திறந்துகொண்டு பந்திக்கு ஓடினான். பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். பந்தியில் பேசியதற்காகப் பண்டாரி கரண்டியால் தட்டினார். இருபத்துமூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள், அத்தனாஸ் மட்டும் எழுந்து வந்து விரலால் ஒன்றை எடுத்து விளக்கில் காட்டினான்.

"இது நம்ம முகாம் பேனுதான்," என்றான். "பாத்தீங்களாடா? திருடிட்டுப் போய் வச்சிருக்கான்."

அதோடு அவனுக்குச் சாப்பாடும் கொட்டிலுக்கே போகத் தொடங்கியது. பண்டாரி கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவார், பன்றிக் கொழுப்புத் துண்டு மட்டும் மற்றவர்களுக்கு வைத்ததைவிடப் பெரியதாக இருக்கும். ஒனேசிம் யாரிடமும் போய் நிற்கவில்லை. பகலில் கிளை கழித்தான், மாலையில் பிலியாஸோடு குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினான், படுத்ததும் மூன்று தடவை "புரளு!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் படுத்தான். கிழட்டுக் குதிரையும் கூடவே திரும்பக் கற்றுக்கொண்டது. பிப்ரவரி கழிந்தது. பிள்ளை பிறந்ததா, ஆணா பெண்ணா, தெலிமா எப்படி இருக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்து இரண்டு தட்டு சூப் குடித்தான்.

மார்ச் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முந்தின மூன்று நாளும் பனியின் மேல் வெதுவெதுப்பான மழை பெய்து, கூரையில் கிடந்த பனியெல்லாம் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் வாசலில் பானை கொதிக்கும், ஆட்கள் வெளியே நின்று வம்பளப்பார்கள். இப்போது கொதிபானை இல்லாததால் பண்டாரி தவிர மற்ற இருபத்திரண்டு பேரும் போர்வைக்குள்ளேயே சோம்பிக் கிடந்தார்கள். ஒன்பது மணிக்கு, பன்னிரண்டாவது இடத்தில் கிடந்த அத்தனாஸின் கழுத்திலிருந்து முதல் வரிசை இறங்கியது. அவன் அதைத் தடுக்கக் கை வைப்பதற்குள் இந்தப் பக்கத்து ஆளுக்கும் அந்தப் பக்கத்து ஆளுக்கும் இறங்கிவிட்டது. மேஸ்திரிக்கு இறங்கியது. அடுப்பைப் பார்த்து நின்ற பண்டாரிக்கு, தாடியிலிருந்து கூட, இறங்கியது. இருபத்துமூன்று வரிசைகளும் தரையில் வந்து ஒன்றாகச் சேர்ந்து, ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்பு வாராகி, கதவுக்குக் கீழே நுழைந்து வெளியே போயின.

பிறகு பண்டாரி, கிண்ணம், பேழை, பலிபீடம், தூபக்கலசம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"எல்லாருக்குமா?" என்றார் மேஸ்திரி. "ஒரே நாள்லயா?"

"அவன்தான்!" என்று கத்தினான் அத்தனாஸ். "அந்தப் பொணந்தான் கூப்புடுறான்! எம்பேனு! புடிங்கடா!"

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் யாரும் பார்த்திராத காட்சி ஒன்று நடந்தது. இருபத்துமூன்று தடித்த ஆட்கள், உள்சட்டையோடும் வெறுங்காலோடும், தொப்பியும் தேநீர்க் குவளையும் புகையிலை டப்பாவும் கையுமாக, தங்கள் பேன்களைத் திரும்பப் பிடிக்கப் பனிச்சேற்றில் ஓடினார்கள். வழுக்கி விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே இரண்டு மூன்றைப் பிடிக்கப் பார்த்தார்கள். வரிசை யாரையும் சட்டை செய்யாமல் நேராகக் கொட்டில் வாசலுக்குப் போய் உள்ளே நுழைந்தது. உள்ளே ஒனேசிம் தீவனப் பெட்டி மேல் உட்கார்ந்து சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பூட்ஸ் வழியாக ஏறிக்கொண்டிருந்தவற்றைக் குனிந்து பார்த்தான், எதுவும் கேட்கவில்லை, ஏறட்டும் என்று காலை நீட்டிக் கொடுத்தான். ஆட்கள் உள்ளே புகுந்தபோது அவன் முழங்கால்வரை பழுப்பாக இருந்தான்.

அத்தனாஸ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். "திருட்டு நாயே, குடுடா! எங்களுத எங்ககிட்ட குடுடா!"

"நான் எங்கண்ணே கூப்புட்டேன்? அதுங்களா வருது."

"எதுக்குடா ஒங்கிட்ட வருது? நீ என்ன புனிதரா?"

"எங்கிட்ட வரல," என்றான் ஒனேசிம், சொல்லும்போதுதான் அவனுக்கே விளங்கியது. "அங்கேருந்து வருது."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய மரம் ஒன்று அடியில் முறிந்தால் வருகிற சத்தம், அதை எல்லாரும் தொழிலில் கேட்டவர்கள்தான், ஆனால் அருகில் நிற்கிற மரம் எதுவும் இல்லை. கொட்டில் வாசலில் வந்து பார்த்தார்கள். முகாமின் நடு உத்திரம் முறிந்து, கூரையும் மூன்று மாதப் பனியும் ஒன்றாக உள்ளே உட்கார்ந்திருந்தன. கட்டைச் சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அடுப்புப் புகைக்குழாய் மட்டும் கொஞ்ச நேரம் நின்று புகைந்துவிட்டு அதுவும் விழுந்தது. பன்னிரண்டாவது ஆள் படுக்கிற இடத்தில் உத்திரத்தின் முறிந்த முனை மேடையைத் துளைத்துக்கொண்டு தரைவரை இறங்கியிருந்தது. அத்தனாஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒனேசிமின் சட்டையைப் பிடித்த கையை எடுக்க அவனுக்கு மறந்துபோயிற்று.

உத்திரத்தின் உள்ளே முழுக்க இற்றுப்போயிருந்தது என்று அப்புறம் வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஒனேசிமின் பேன்கள் மட்டும் மூன்று மாதம் முந்திக்கொண்டது ஏன் என்பதற்கு, அவன் அதற்கு நேர் கீழே படுத்தவன் என்பதைத் தவிர வேறு காரணம் யாருக்கும் அகப்படவில்லை. அப்படியானால் அத்தனாஸின் பேன்கள் அதே இடத்தில் மூன்று மாதம் சும்மா இருந்தது ஏன் என்று பிலியாஸ் கேட்டார். ஆளுக்கு ஏத்த பேன் என்றார் பண்டாரி. அவர் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் பானையை அடுப்புக்குக் கீழே மண்குழியில் புதைத்து வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் தோண்டி அதை எடுத்தார்கள், மூடி கூட விலகவில்லை, சூடு ஆறவில்லை. கொட்டிலில் நின்றபடியே இருபத்துநான்கு பேரும் தின்றார்கள். அன்றைக்குப் பேசக் கூடாது என்ற சட்டம் இல்லை, ஆனாலும் யாரும் பேசவில்லை.

சாப்பிட்ட பிறகு ஒவ்வொருவராக ஒனேசிமின் முன்னால் வந்து நின்று, கையோடு கை ஒட்டி, தங்களுடையதை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவனும் தன்னுடையது எது என்று தனக்குத் தெரியும் என்று சாதித்தான். அத்தனாஸ் கொஞ்சம் கூடுதலாக எடுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். நன்றி என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அவன்தான் உத்திரத்தை ஏதோ செய்துவிட்டான் என்று அப்போதே ஒரு மூலையில் கிசுகிசு தொடங்கியிருந்தது. போர்வையைத் தோண்டி எடுத்து, கிழிந்த இடத்தைச் சாக்கு ஊசியால் தைத்து, வைக்கோலில் விரித்தபோது மேஸ்திரி வில்ப்ரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒனேசிம் நடுவுல படுக்கட்டும்," என்றார்.

"ஆமா," என்றான் அத்தனாஸ். "பாசத்துல சொல்றோம்னு நெனச்சுக்காத. ஓரத்துல கெடந்தா நீ என்ன பண்ணுறேன்னு தெரியாது. நடுவுல கெடந்தா ரெண்டு பக்கமும் கண்ணு இருக்கும்."

எந்தக் காரணத்துக்காக நடுவில் படுக்க வைத்தாலும் நடு ஒரே சூடுதான். ஒனேசிம் படுத்தான், இந்தப் பக்கம் மேஸ்திரி, அந்தப் பக்கம் பிலியாஸ். "புரளு!" என்று கதவோரத்திலிருந்து அத்தனாஸின் குரல் கேட்டதும் இருபத்துநான்கு பேரும் எட்டுக் குதிரைகளும் திரும்பிப் படுத்தார்கள். ஒனேசிமுக்குக் கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கக் கையை எடுத்தால் சந்தேகப்படுவார்களோ என்று அப்படியே விட்டுவிட்டான்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி அவன் சேன்-தீத்துக்கு நடந்து வந்து சேர்ந்தான். தெலிமா கையில் பெண்பிள்ளையோடு வாசலில் நின்றாள், பக்கத்தில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. காட்டிலிருந்து வருகிற புருஷனை அப்படித்தான் இந்தப் பக்கத்துப் பெண்கள் வரவேற்பார்கள். துணி முழுவதும் பானைக்குள் போகாமல் ஆள் வாசற்படி ஏற முடியாது.

"கழட்டுய்யா எல்லாத்தையும்," என்றாள். "புள்ளைய அப்புறம் தொடலாம்."

அவன் கழற்றவில்லை. கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான், வாசலுக்குள் ஒரு காலை வைத்தான், அப்படியே அசையாமல் நின்றான்.

"என்னய்யா பண்ற?"

"இரு. எறங்குதான்னு பாக்குறேன்."

கால்மணி நேரம் நின்றான். ஒன்றும் இறங்கவில்லை. கக்கத்தில், இடுப்பில், பின்கழுத்தில், முறை தவறாமல் கடித்தன. நல்ல வீடுதான் என்றான். பிறகு பின்னால் வந்து, சட்டை, உள்சட்டை, கால்சட்டை எல்லாவற்றையும் கழற்றித் தன் கையாலேயே பானையில் போட்டான். கொதிக்கிற தண்ணீருக்கு முன்னால், ஏப்ரல் குளிரில், தொப்பியையும் எடுத்துவிட்டு அம்மணமாக நின்று, மரித்தவர்களுக்கான செபத்தை முழுவதும் சொன்னான். தெலிமா அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்குய்யா இந்தச் செபம்? அங்க எவளாச்சும்..."

"கூட இருந்தவங்க," என்றான். அவளுக்கு அந்தச் சந்தேகம் சாகும்வரை முழுசாகத் தீரவில்லை. அவன் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அந்த இலையுதிர்காலத்தில் ஆற்றுக்கு இன்னும் மேலே புது முகாம் கட்டினார்கள். நீளப் போர்வையை விரிப்பதற்கு முன்னால் மேஸ்திரி வில்ப்ரோ ஒனேசிமைத் தனியாக ஒரு ராத்திரி உள்ளே படுக்க வைத்தார். வீட்டிலிருந்து அவன் சுத்தமாகத்தான் வந்திருந்தான், தெலிமா தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்திருந்தது. விடியும்போது அவன் கக்கத்தைச் சொறிந்துகொண்டு வெளியே வந்ததைப் பார்த்து, கூரை சரிதான் என்று சொல்லிப் பண்டாரி பீன்ஸை ஏற்றினார். பேன்கள் எப்படி அவனுக்கு முந்தி அங்கே வந்தன என்று யாரும் கேட்கவில்லை. பதினாறு குளிர்காலம் அவனுக்கு அதுதான் முதல் நாள் வேலை. சீலைப்பேன் பயம் போய், ஞாயிற்றுக்கிழமைக் கொதிபானையும் திரும்ப வந்துவிட்டது, ஒனேசிமின் துணியை மட்டும் அதில் போட விடமாட்டார்கள். போர்வையில் அவனுடைய இடம் எல்லா வருடமும் பன்னிரண்டாவதுதான். அவன் சொறிகிற சத்தம் கேட்டால்தான் மற்றவர்களுக்குத் தூக்கம் வந்தது. சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோனால், யாராவது ஒருவன் எழுந்து விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து அவன் கழுத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பான்.